எழுபத்தொரு கிலோ கருப்பட்டி

ஜனவரி 29, வியாழன்

டாக்டர் மும்தாஜ் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார். தினமும் எடை, நாடித்துடிப்பு, மாத்திரை. மூன்றே வரி. "கதையெல்லாம் எழுதாதீங்க" என்றார். நாற்பத்தாறு வயதுக்காரியிடம் இருநூறு பக்க நோட்டை வாங்கச் சொல்லிவிட்டு இப்படி ஒரு நிபந்தனை போடலாமா?

நவம்பரில் என் இதயம் தாளம் தப்பியது. நிமிடத்துக்கு நூற்றைம்பது, அதிலும் ஓர் ஒழுங்கில்லை. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். அதிலிருந்து, துடிப்பை அடக்க காலையும் மாலையும் ஒரு வெள்ளை மாத்திரை. ரத்தம் கட்டாமலிருக்க இரவில் ஒரு மஞ்சள் மாத்திரை.

இன்று டாக்டர் சொன்னது: எடை குறைந்தால் துடிப்பு கட்டுக்குள் வரும். துடிப்பு கட்டுக்குள் இருக்க வெள்ளை மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். வெள்ளை மாத்திரை போட்டால் கொஞ்சம் எடை கூடலாம். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

எடை 83. நாடி 64. மாத்திரை எல்லாம் போட்டாயிற்று.

ஜனவரி 31, சனி

விபரீதம்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், வாசலில் நின்றபடியே எங்கள் குலதெய்வம் சாஸ்தாவிடம் வேண்டிக்கொண்டாராம். மருமகள் நடந்து வீடு திரும்பினால் அவள் எடைக்கு எடை கருப்பட்டி துலாபாரம். எனக்கு இன்றுதான் தெரியும். ஏப்ரல் ஒன்றாம் தேதி பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலில் எங்கள் வகையறா மொத்தமும் கூடும் நாள். அத்தனை பேர் முன்னாலும் என்னைத் தராசில் உட்கார வைப்பார்கள்.

"ஏளா செம்பகம், நீ எத்தனை கிலோ இருப்ப?" என்று கேட்டார் அத்தை, காதில் போனை வைத்துக்கொண்டே. மறுமுனையில் உடன்குடி கருப்பட்டிக்காரர். இந்த மாதங்களில் புதுக் கருப்பட்டி கிடைக்காது. போன வருடச் சரக்கைப் பதுக்கி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானாம். சரியான எடையைச் சொன்னால் எடுத்து வைப்பாராம்.

எதிரே என் நாத்தனார் வடிவு முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எழுபத்தொண்ணு" என்றேன்.

ஏன் எழுபத்தொன்று? நான் கடைசியாக மனமொப்பிப் பார்த்த எண் அது. பார்த்துப் பதினோரு வருடம் இருக்கும்.

"எழுபத்தொண்ணா மதினி?" என்றாள் வடிவு. அந்த 'ஆ'வை ஒரு முழத்துக்கு இழுத்தாள்.

நான் வேலை பார்ப்பது எடையளவு அலுவலகத்தில். கடைத் தராசுகளுக்கு முத்திரை வைப்பதும், எடையில் பொய் சொல்பவர்கள் மேல் வழக்கெழுதுவதும் எங்கள் வேலை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு கிலோ தக்காளியில் நாற்பது கிராம் ஒளித்தவரைக்கூட விட்டதில்லை.

நான் ஒளித்திருப்பது பன்னிரண்டு கிலோ. உத்திரத்துக்கு அறுபது நாள். நாளுக்கு இருநூறு கிராம். ஒரு கைப்பிடிக் கீரையின் எடை. முடியாதா என்ன?

பிப்ரவரி 2, திங்கள்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அலுவலக மேடைத் தராசில் ஏறினேன். 83.4. அரசாங்கத் தராசு, தப்புச் சொல்லாது. ஆனால் மொத்த எடை வேறு, நிகர எடை வேறு. இதை நாங்கள் வியாபாரிகளுக்கு வகுப்பெடுத்தே சொல்கிறோம். சேலை எண்ணூறு கிராம். சங்கிலி, வளையல் நூறு. கண்ணாடி முப்பது. காலையில் சாப்பிட்ட இட்லி முந்நூறு. அது இட்லியின் எடை, என்னுடையதல்ல.

எடை 82.1 (நிகரம்). நாடி 62. மாத்திரை போட்டாயிற்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு வாரமாக யோசனைகள் வந்து குவிகின்றன. வெளியே சொன்னது, "டாக்டர் எடை குறைக்கச் சொன்னார்" என்பது மட்டும்தான்.

வடிவு: காலையில் சோம்புத் தண்ணீர். எங்கள் ஆய்வாளர் ஜெபராஜ் சார்: சோற்றை விட்டுவிட்டுக் கறியாகச் சாப்பிடுங்கள், அவருடைய மைத்துனர் ஒன்பது கிலோ குறைந்தார் (பிறகு பதினொன்று கூடினார், அதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க முடிந்தது). கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி இருப்பதால் எல்லோரும் கொள்ளு. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல். நான் கனைக்காததுதான் பாக்கி.

இன்னொரு பக்கம் அத்தை. நோயாளியைத் தேற்றுவது அவருடைய முழுநேர உத்தியோகம். "மாத்திரை சூடு. நெய் ஊத்திக்க" என்று கொள்ளு ரசத்தில் நெய்யை ஊற்றுகிறார். காலையும் மாலையும் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தருவதும் அவர்தான். நின்று பார்க்கமாட்டார். நம்பிக்கை.

எடை 82.3 (நிகரம்). கொள்ளையும் கழித்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

என் வீட்டுக்காரரோடு காலை நடை. இவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பாளையங்கோட்டை மைதானத்தை எத்தனை சுற்று வந்தோம் என்று விரல் மடக்குகிறார். நான் எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி எண்பதைத் தாண்டுவதில்லை. உள்ளே யாரோ கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதுபோல. மூன்றாவது சுற்றில் என்னைத் தாண்டிப் போன ஒரு முதியவர், திரும்பி வரும்போதும் தாண்டிப் போனார். வாக்கர் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் படித்தேன். எறும்பு எழுத்து. வெள்ளை மாத்திரை: சோர்வு, கைகால் சில்லிடல், எடை கூடுதல். திடீரென நிறுத்தக்கூடாது என்றும் போட்டிருந்தது. அது கொஞ்சம் பெரிய எழுத்து.

எடை 82.4.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாலை வெள்ளை மாத்திரை மறந்துவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

மறந்துவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

திடீரென நிறுத்தக்கூடாது என்பது நினைவுக்கு வந்ததால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டேன். மறுபாதி கை தவறி உருண்டுவிட்டது.

பிப்ரவரி 21, சனி

இன்றும் உருண்டது. வீட்டுத் தரை வாட்டமாக இருக்கிறதுபோல.

மஞ்சள் மாத்திரையை ஒருநாளும் மறக்கவில்லை. அதனால் எடை கூடுவதில்லை என்று தாளில் பார்த்துவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

எடை 80.6! படியேறினால் கால் தானாகப் போகிறது. மைதானத்தில் நான்கு சுற்று. வாக்கர்காரரை முந்தினேன். இவர், "என்ன, இன்னைக்கு ஒரு வேகம்?" என்றார். "கொள்ளு" என்றேன்.

மதியம் மார்க்கெட்டில் சோதனை. ஒரு காய்கறிக்கார அம்மாளின் தராசுத் தட்டுக்கு அடியில் புளி உருண்டை ஒட்டியிருந்தது. ஐம்பது கிராம். ஜெபராஜ் சார் சுரண்டி எடுத்துக் காட்டினார்.

"யம்மா, அது எப்படி ஒட்டுச்சின்னே தெரியலை. தானா ஒட்டிருக்கும்" என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

"புளி எப்படிம்மா தானா ஒட்டும்?" என்று அதட்டினேன். வழக்கையும் எழுதினேன். ஐம்பது கிராமுக்கு ஒரு மனுஷி இவ்வளவு துணிந்து பொய் சொல்வாளா என்று வரும் வழியெல்லாம் ஆச்சரியமாக இருந்தது.

மாலை மாத்திரையின் பாதி உருண்டது.

மார்ச் 9, திங்கள்

எடை 80.1. உத்திரத்துக்கு இருபத்துமூன்று நாள். இன்னும் ஒன்பது கிலோ. இந்த வேகம் போதாது. காலை மாத்திரையும் அவ்வப்போது உருளத் தொடங்கியிருக்கிறது.

மாடியேறும்போது நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது. கொள்ளு வாயு. நாடி பார்க்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மீன். வாயுதான்.

வடிவு போன் செய்தாள். "மதினி, துலாபாரத்தை வீடியோ எடுத்து நம்ம சொந்தக்காரங்க குரூப்ல போடப் போறேன். வர முடியாதவங்க பாப்பாகள்லா?"

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நோட்டை இவர் கொண்டுவந்து கொடுத்தார்.

காலையில் அலுவலகத்தில் இருபது கிலோ எடைப் படிக்கல்லை நகர்த்தக் குனிந்தேன். மீன் துள்ளவில்லை. வலை கிழிந்து எல்லா மீனும் ஒரே நேரத்தில் கொட்டியதுபோல் இருந்தது. ஜெபராஜ் சார் தன் காரில் கொண்டுவந்து சேர்த்தார். நாடி 158. வந்ததும் ஊசி போட்டுச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள். இப்போது 118, இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை.

டாக்டர் மும்தாஜ் மாலையில் வந்தார். கட்டிலைச் சுற்றி இவரும் அத்தையும் நின்றார்கள்.

"வெள்ளை மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா? ஒரு வேளைகூட விடலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "நான்தான் டாக்டரம்மா என் கையால எடுத்துக் குடுக்கேன். ஒரு வேளை தப்பாது. சாஸ்தா சத்தியம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"அப்ப இந்த மருந்து உங்களுக்கு எடுபடலைன்னு அர்த்தம்" என்று தாளில் எழுதத் தொடங்கினார். "நாளைக்குக் காலையில வேற மருந்து ஆரம்பிப்போம். இதைவிடப் பலமானது. அது நுரையீரலைப் பாதிக்கலாம், தைராய்டைப் பாதிக்கலாம். கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும். ஆனா வேற வழியில்லை. துடிப்பு இப்படியே ஓடினா இதயம் தளர்ந்து போகும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிக்கல்லே தப்பாக இருந்தால் அதை வைத்து நிறுக்கும் எல்லாமே தப்பாகும். இதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான்தான் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறேன்.

மார்ச் 18, புதன்

காலை எட்டு மணிக்கு நர்ஸ் புது மாத்திரையைக் கொண்டுவந்தாள். இளஞ்சிவப்பு நிறம். அத்தை தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன்.

டாக்டர் வந்ததும் கைப்பையை எடுத்து உள்ளறையின் ஜிப்பைத் திறந்து போர்வையின் மேல் கவிழ்த்தேன். உருண்டு போனவை எல்லாம் அங்கேதான் இருந்தன. பாதி பாதியாக. சில முழுசாகவும்.

டாக்டர் ஒற்றை விரலால் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கோபப்படவில்லை. "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எடை கூடுதுன்னு."

"கூடினா ரெண்டு கிலோ கூடும். அதுக்கா?"

"துலாபாரம் இருக்கு டாக்டர்" என்றேன். முழுவதும் சொன்னேன். எழுபத்தொன்று, உடன்குடி, உத்திரம், வடிவின் வீடியோ.

டாக்டர் பேனாவை மூடினார். "பத்து வருஷமா நானும் எடையைக் குறைங்க குறைங்கன்னு தொண்டை கிழியச் சொல்றேன். ஒருத்தரும் ஒரு கிலோ குறைச்சதில்லை. உங்க சாமி ஒரே மாசத்துல ரெண்டு கிலோ குறைக்க வச்சிருக்காரு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "செண்பகவல்லி, நேத்து நீங்க சும்மா இருந்த மாதிரி இன்னைக்கும் இருந்திருந்தா, தேவையே இல்லாத ஒரு மருந்தை உங்களுக்குக் குடுத்திருப்பேன். அதனால உங்க நுரையீரல் போயிருந்தா யார் பொறுப்பு? நானா, சாஸ்தாவா?"

இளஞ்சிவப்பு மாத்திரையைத் திருப்பி எடுத்துப் போனார்கள். பழைய வெள்ளை மாத்திரை, முழுசாக, நர்ஸ் பார்க்க விழுங்கினேன்.

மதியம் அத்தை சோறு பிசைந்து கொடுத்தார். நான்கு மணிக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாஸ்தா மேல சத்தியம் பண்ணினேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேளா."



மார்ச் 19, வியாழன்

நாடி 76. ஒழுங்குக்கு வந்துவிட்டது.

அத்தை விடிந்ததிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லு. எத்தனை கிலோ?"

"எண்பது."

"சேலையோடயா?"

"எல்லாத்தோடயும்."

"ஒன்பது கிலோவுக்காவா சாகப் பாத்த?" என்றார். "எடை குறையணும்னா நான் வேண்டினேன்? ஆளு வேணும்னுல்லா வேண்டினேன். கூறுகெட்டவளே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

அத்தைக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது எதிராளிக்கும் கேட்காது என்பது அவர் எண்ணம். அது பதினாறு கட்டில் உள்ள வார்டு.

"அண்ணாச்சி! எழுபத்தொண்ணு எடுத்து வச்சியள்லா? பத்தாது! இன்னும் ஒம்போது வேணும்! ஆமா, மருமவளுக்குத்தான். எம்பது! ஏது, ரெண்டு பேருக்கா? இல்லைய்யா, ஒரே ஆளுதான்! எம்பது கிலோ! கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டா, பொம்பளப் பிள்ளை பாருங்க!"

எதிர்க்கட்டில் பாட்டியம்மாள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கடைசிக் கட்டிலிலிருந்து ஒருவர், "உடன்குடில யாரு? நல்ல சரக்கா?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் நான் எதற்குப் பயந்தேனோ அது மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாடி பார்த்தேன். 78. இரண்டுதான் கூடியிருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

வீடு. நெய் ஊற்றாத சோறு. அத்தையாகவே நிறுத்திவிட்டார். டாக்டர் ஆறு மாதத்துக்கு ஆறு கிலோ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒன்று. வடிவுக்கு இதெல்லாம் ஒரு டயட்டாகவே தெரியாது.

மார்ச் 30, திங்கள்

அலுவலகத் தராசு: 82. சேலை, வளையல், கண்ணாடி, இட்லி உள்பட.

மாத்திரை ஒரு வேளை விடவில்லை. அதனால்தான் இந்த இரண்டு. கருப்பட்டி எண்பதுதான் வந்திருக்கிறது. அத்தையிடம் சொல்லவேண்டும். சாயங்காலம் அவர் கோயிலுக்குப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் 1, புதன், பங்குனி உத்திரம்

விடியற்காலையிலேயே வேனில் போய்விட்டோம். வயல்களுக்கு நடுவே சாஸ்தா கோயில், சுற்றிலும் நூறு அடுப்பு, நூறு பொங்கல், புகை. எங்கள் வகையறா மட்டும் அறுபது பேருக்குக் குறையாது. புளியமரக் கிளையில் தராசைக் கட்டியிருந்தார்கள். விறகுக் கடையிலிருந்து இரவல் வாங்கியதாம். முத்திரை காலாவதியாகி இரண்டு வருடம். பார்த்ததைப் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்; இன்றைக்கு நான் ஆய்வுக்குப் போகவில்லை, சரக்காகப் போயிருக்கிறேன்.

பலகையில் உட்கார்ந்தேன். கால் தரையில் நன்றாக ஊன்றியிருந்தது. எதிர்த்தட்டில் பூசாரி கருப்பட்டி அடுக்கிய ஓலைக் கொட்டான்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். வடிவு போனைத் தூக்கிப் பிடித்தபடி நெருங்கி வந்தாள். கடைசிக் கொட்டானும் ஏறியது.

தராசு அசையவில்லை.

குலவையிடத் தயாராக நின்ற பெண்கள் வாயை மூடினார்கள். பூசாரி காலியான சாக்கை உதறிப் பார்த்தார். "என்னம்மா, நிறுவை தப்பிருச்சோ?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பயம் இருந்தது. மறுபடியுமா என்று கேட்கும் பயம்.

"அத்தை, அன்னைக்கு எம்பதுதான். பொய் சொல்லலை" என்றேன். அடுத்ததை மார்க்கெட்டில் பேசும் குரலில், எல்லா அடுப்புக்கும் கேட்கும்படி சொன்னேன். "இப்ப எம்பத்திரண்டு. மாத்திரை ஒழுங்கா போடுதேன், அதனால கூடிருக்கு. ரெண்டு கிலோ குறையுது. யாராவது கொண்டாங்க."

ஒரு நொடி எல்லோரும் புகையைப் பார்த்தார்கள். பிறகு, பொங்கலுக்கென்று கொண்டுவந்திருந்த கருப்பட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பெரியத்தை வீட்டிலிருந்து இரண்டு, தென்காசிக்காரர்கள் மூன்று. வடிவும் போனைத் தன் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கூடையைத் துழாவி ஒன்றை எடுத்து வந்து தட்டில் வைத்தாள்.

"எம்பத்திரண்டா மதினி? பாத்தாத் தெரியலையே."

"பாத்தாத் தெரியாது வடிவு. அதுக்குத்தான் தராசு."

இன்னும் இரண்டு கருப்பட்டி. பலகை ஒரு முறை முனகியது. என் குதிகால் எழும்பியது, பிறகு விரல்கள். கால் இரண்டும் காற்றில் தொங்கின. குலவை எழுந்தது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். அவசரமில்லாமல், ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

"சமம்" என்றார் பூசாரி. "இறங்கலாம்மா."

"இருங்க சாமி. மணி எட்டாயிருச்சு" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் அத்தை. முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளை மாத்திரையை எடுத்து என் வாயில் போட்டார். சொம்புத் தண்ணீரை ஊற்றினார். விழுங்கினேன்.

"வாயைத் தொற."

"அத்தை, எல்லாரும் பாக்காக."

"தொறளா. நாக்கைத் தூக்கு."

தூக்கினேன். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, இடப்பக்கம், வலப்பக்கம், நாக்குக்கு அடியில் என்று நிதானமாகப் பார்த்தார். வடிவின் கணவர் வீடியோவை நிறுத்தவில்லை. அத்தை பார்த்து முடிக்கும்வரை, எண்பத்திரண்டு கிலோவும் வாயைத் திறந்தபடி, நான் புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.